மடிப்புக் கலைந்த நொதிகள்

எங்கள் ஆலையில் நொதிகள் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வருகின்றன. வருகைப் பதிவேட்டில் அவை கையெழுத்திட்டபின் நான் தொட்டியின் மூடியைத் திறந்துவிடுவேன். சாறெல்லாம் பிழியப்பட்ட கரும்புச் சக்கையைப் பிரித்து, உடம்பில் தங்காத ஓர் இனிப்பை அதிலிருந்து எடுப்பது அவற்றின் பணி. பிறவற்றை மாற்றிவிட்டு, தாம் சற்றும் தேயாமல் மாலையில் வெளியே வருகின்றன. நம்மில் எத்தனை பேருக்கு அது கைகூடுகிறது? அவை கேட்பதெல்லாம் ஒன்றே: வெப்பம் ஐம்பது டிகிரியைத் தாண்டக் கூடாது.

மூட்டை கட்டும் பிரிவிலுள்ள செண்பகவல்லிக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வெள்ளிக்கிழமை அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தியம்மாள்கள் ஒருவர் வாயில் ஒருவர் சர்க்கரை இடுவது அவர்கள் வழக்கம். அந்த நேரத்தில் பொய்யாக வாயசைக்க அவளுக்கு மனமில்லை. எங்கள் இனிப்பில் ஒரு கிண்ணம் கேட்டிருந்தாள்.

அதற்குள் இனிப்பு தயாராகிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், புதன்கிழமை மேற்பார்வையாளர் தணிகாசலம் வெப்பத்தை எழுபதுக்கு ஏற்றினார். நொதிகள் மடிப்புக் கலைந்து, அவிழ்த்துப் போட்ட துணிபோலத் தொட்டியின் அடியில் கிடந்தன. தங்கள் பெயர்கூட அவற்றுக்கு நினைவில்லை. ‘உருவமின்மையால் விடுப்பு’ என்று பதிவேட்டில் எழுதினேன்.

“உனக்காகத்தாம்மா ஏத்தினேன்,” என்றார் தணிகாசலம்.

“சோத்துப் பானைன்னு நெனச்சீங்களா சார்?” என்றாள் செண்பகவல்லி.

அவள் ஞாயிறுதோறும் மணப்பெண்களுக்குப் புடவை மடித்துக் கொடுப்பவள். ஒரு நொதியை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

“இதுல முந்தானை எது?”

எனக்குத் தெரியவில்லை. நொதியே முனகிக்கொண்டு ஒரு முனையைக் காட்டிற்று. அவள் ஊக்கைப் பல்லில் கடித்தபடி கொசுவம் வைக்கத் தொடங்கினாள்.

“இஸ்திரிப் பெட்டி கொண்டு வரவா?” என்றார் தணிகாசலம்.

“மறுபடியும் சூடா? தள்ளி நில்லுங்க சார். அந்த முனையப் பிடிங்க.”

அவர் பிடித்தார். நானூற்றுப் பன்னிரண்டையும் மடித்து முடிக்க வியாழன் பிற்பகல் ஆயிற்று. ஒவ்வொன்றும் எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கியது.

அன்பரே, அவசரத்தில் நீங்கள் எவரையேனும் உருக்குலைத்திருந்தால், அவர் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அருகில் அமருங்கள். முந்தானை எது என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை கிண்ணம் நிறைந்தது. சம்பந்தியம்மாள் ஊட்டியபோது செண்பகவல்லி கண்களை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல் சுவைத்தாள். இனிப்பு மரியாதைக்குரிய அளவு நேரம் அவள் நாவில் இருந்தது; பின்பு, உடம்பில் தங்கும் வழக்கம் தனக்கில்லாததால், விடைபெற்றுக்கொண்டு புறப்பட்டது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அது நொதிகளின் வரிசையில் கடைசியாக நின்றிருந்தது. கையில் தாம்பூலப் பை. அடுத்து எந்த வீடு என்று கேட்டது. நான் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.