வால் வரமாட்டாராம்

பல் டாக்டரம்மா கேட்டபோது அவன் வாய் நிறையப் பஞ்சும் இரும்பும் இருந்தன.

"ஞாயித்துக்கிழமை எங்க குரூப்போட மலையேற வர்றீங்களா?"

'மாட்டேன்' என்று சொல்ல உதட்டை மூட வேண்டும். அவனுக்கு வந்தது 'ஆ' மட்டும்தான். அதைக் கேட்டு டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மலை. மெதுவாக நடக்கிறான் என்பதால் அவனை 'வால்' ஆக்கினார்கள். வால் என்றால் வரிசையின் கடைசி ஆள். யாரையும் முந்தக் கூடாது, யாரையும் விட்டுவிட்டு வரவும் கூடாது. முதலில் போகும் கேப்டன் உச்சியில் உட்கார்ந்து, சாப்பிட்டு, கொஞ்சம் சாய்ந்து எழுந்து, இவன் தலை தெரிந்ததும் "வால் வந்தாச்சு, இறங்கலாம்" என்பார். ஆகவே உச்சியில் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. கேப்டனிடம் தனியாக ஒரு வார்த்தை பேசவும் வாய்த்ததில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் எழுதலாம்தான். எழுதினால் அத்தனை பேரும் அழுகிற பொம்மை போடுவார்கள்.

அவன் மனைவிக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. இன்று அவன் ஷூ மாட்டும்போது தலையணையிலிருந்தே சொன்னாள்: "இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டு வா. இல்லன்னா அங்கேயே குடித்தனம் வச்சுக்கோ. நான் தேட மாட்டேன்." கடைசி வாக்கியத்தில் சிரிப்பு இல்லை.

பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே செங்குத்தான இடுக்காகியது. வரிசை நின்றது. நெஞ்சில் ஒரு பாறை, முதுகில் ஒரு பாறை. இப்போது விட்டால் எப்போதும் இல்லை. முன்னால் ஒடுங்கி நின்ற ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரின் பையைத் தட்டினான்.

"சார், அடுத்த வாரத்துலேர்ந்து வால் வரமாட்டான்னு கேப்டன்கிட்ட சொல்லச் சொல்லுங்க."

வாத்தியார் தனக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம். போகிற வழியில் 'அடுத்த வாரத்துலேர்ந்து' எங்கோ உதிர்ந்துவிட்டது.

"வால் வரமாட்டாராம்!" என்றது மேலே ஒரு குரல்.

"ஐயையோ! பயந்துட்டாரு போல!"

கயிறு இறங்கியது. வாத்தியார் அதை அவன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். "உங்கள விட்டுட்டுப் போயிடுவோமா தம்பி?"

"சார், நான் சொன்னது..."

வாத்தியார் மேலேறிவிட்டார். கயிறு இறுகியது; சொல்லவந்தது வயிற்றோடு நின்றது.

மேலே வெளிச்சத்தில் டாக்டரம்மாவின் முகம் குனிந்தது. "பதறாதீங்க. வாய நல்லா திறந்து மூச்சு விடுங்க. ஆ..."

கால் பாறையை விட்டு எழும்பியது.

"ஆ" என்றான்.