மூன்று ஏழு

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இதை முதலில் ஒரு பெரிய கம்பெனியின் பக்கத்தில் எழுதினேன். நெறிமுறை மீறல் என்று தூக்கிவிட்டார்கள். எந்த நெறி என்று கேட்டேன். பதில் சொன்னது மனுஷன் இல்லை, எந்திரம். அன்றைக்கே முடிவு செய்தேன், என் கதை இனி என் வீட்டில், என் கரண்டில்தான் ஓடும்.

கதையின் ஆள் ஸ்தாமென். ஸ்லிவென் ஊரில் நாலாம் மாடி. கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், படிப்பு எட்டாவது. அது நான் இல்லை.

[இவருதான். – வெலிகா]

(இந்த அடைப்புக்குறியை நான் போடவில்லை. அது எப்படி வந்தது என்பதுதான் கதை.)

2.

"பனி மூடிய அந்தக் காலையில்" என்று தொடங்கினேன். கிரேன்காரன் அப்படிப் பேசமாட்டான், அழித்தேன். "உழைப்பாளி ஒருவனின் வாழ்வில்" என்று தொடங்கி, அதையும்

நேராகவே சொல்கிறேன். மகன் காலின் பிரான்சுக்குப் போகும்போது பழைய கணினி ஒன்றை விட்டுப்போனான். அதிலிருந்த சிஸ்டத்தை ஸ்தாமென் நம்பவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டமாட்டேன் என்கிறவன் எதையோ மறைக்கிறான். அதை அழித்து லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தைப் போட்டான். அதில் எல்லாம் திறந்து கிடக்கும், யாரும் பார்க்கலாம். பார்த்தான், ஒன்றும் புரியவில்லை. மறைக்கவில்லை அல்லவா, அது போதும்.

கணினிக்குள் நுழைய யார் யாருக்குக் கணக்கு வேண்டும் என்று அது கேட்டது. தனக்கு ஒன்று, சீட்டு விளையாட மனைவி வெலிகாவுக்கு ஒன்று. கணினியை வைக்கத்தான் இடம் இல்லை. சாமான் அறையில், முட்டைக்கோஸ் உப்புத் தண்ணீரில் ஊறிப் புளிக்கும் பீப்பாய்க்குப் பக்கத்தில் வைத்தான். எதிர்வீட்டு மின்சோ எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, முட்டைக்கோஸுக்குக் கரண்டு குடுக்குறியா?"

"வெப் சர்வர். உலகமே இங்க வந்து என் கதையைப் படிக்கும்."

"மூக்கைப் பொத்திக்கிட்டா?"

3.

பக்கத்தைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று வந்தது. வீடு அவனுடையது, பீப்பாய் அவனுடையது, அனுமதி மட்டும் வேறொருவனுடையதா? நாலு நாள் திட்டினான். பிறகு இணையத்தில் கேட்டான். முகம் தெரியாத ஒருவன், "777 போடுங்க தாத்தா, ஓடும்" என்றான். போட்டான். ஓடியது.

(அடிக்குறிப்பு: முதல் ஏழு கோப்பின் சொந்தக்காரனுக்கு, இரண்டாவது அவன் கூட்டத்துக்கு, மூன்றாவது அந்த எந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் மற்ற எல்லோருக்கும். ஏழு என்றால் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். வாசலுக்கு மூன்று பூட்டு மாட்டுகிறவன் இதைப் பதினோரு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டான்.)

4.

இனி கதையின் கதை. அப்பன் பிடித்துக் கொடுத்த கிரேன் வேலையை விட்டுவிட்டு, லியோன் நகரத்தில் ரொட்டி சுடப் போகிறேன் என்றான் காலின். பேச்சு முற்றியது. பெட்டி படியில் உருண்டது. பெட்டி என்றால் உருளத்தான் செய்யும்.

[உருளல. உதைச்சாரு. பையன் படிப்படியா நின்னு சட்டையைப் பொறுக்கிக்கிட்டே இறங்கினான்.]

இதைப் பார்த்ததும் ஸ்தாமென் அடுப்படிக்குப் போனான். வெலிகா சுட்ட மிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் கதையில கை வச்சியா?"

"சீட்டாடி அலுத்துப்போச்சு. பக்கத்துல கிடந்துச்சு, திறந்தேன். எழுத விட்டுச்சு, எழுதினேன்."

"அது கதைடி. கதையில பெட்டி எப்படி வேணா போகும்."

"அப்புறம் எதுக்கு அவனுக்கு இந்தப் பக்கத்தோட விலாசத்தை அனுப்பச் சொன்ன?"

அவன் ஒரு மிளகாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்லவேண்டாம்.

மூன்று வருஷமாகக் காலின் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறான். அவனைக் கூப்பிட வைக்கத்தான் லினக்ஸ், பீப்பாய், எல்லாம். நெறிமுறை மீறல் கோபம் என்று மேலே சொன்னேனே, அது பாதி உண்மை.

5.

பக்கத்தைப் பார்க்க யார் வந்தார்கள் என்று, அவரவர் கணினியின் எண்ணோடு சர்வர் ஒரு குறிப்பு வைக்கும். பாதிக்குமேல் பூட்டை ஆட்டிப் பார்க்கும் திருட்டுப் பயல்கள். நடுவில் ஒரே ஒரு லியோன் எண். பெட்டி உருண்டது என்று மட்டும் கதையில் இருந்த நாட்களில் அது வந்தது ஒரே தடவை. 'உதைச்சாரு' என்று வெலிகா எழுதிய மறுநாள் மட்டும் ஒன்பது தடவை.

644 என்று போட்டால் சொந்தக்காரனைத் தவிர எவனும் எழுத முடியாது. ஸ்தாமென் அதை அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். முடிவுகளை நான் எண்ணிப் பார்த்தேன். எண்டரை அமுக்கினால் கதை பத்திரம், மகன் வரமாட்டான். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கலாம், ஆனால் அது டிவி சீரியல். இன்னொன்று, ஸ்தாமென் பெட்டியை உதைத்தேன் என்று

உதைத்தான் என்று எழுதியிருக்க வேண்டும். கை தவறிவிட்டது. திருத்தப்போவதில்லை.

644ஐ அழித்தேன். காலின் பெயரில் மூன்றாவது கணக்கு ஒன்று திறந்தேன், அங்கிருந்தபடியே உள்ளே வந்து எழுதும்படி. கடவுச்சொல் கேட்டது. வெலிகா என்னைத் தள்ளிவிட்டு அவளே அடித்தாள்.

"எனக்கும் சொல்லு."

"எதுக்கு? அவன் பேர்ல நீயே ஒண்ணு எழுதிக்குவ."

அவனுக்கு அவளே சொல்லி அனுப்பினாள். எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆறாம் பகுதியை நான் எழுதமாட்டேன். மற்றவர்களுக்குக் கீழே இருப்பது வெறும் எண், போய் வேலையைப் பாருங்கள். படிக்கிறது நீதான் என்றால், டேய், திட்டியே எழுது. எழுத்துப்பிழையை மட்டும்தான் திருத்துவேன்.

6.