மீதியிருந்த பதினொரு பதிவுகள்

நான்காவது முறையாகவும் தொண்ணூற்றெட்டு விழுக்காட்டில் மென்பொருள் நின்றுபோனது. கணினித் திரையில் சாம்பல்நிறப் பெட்டியொன்று தோன்றி வருத்தம் தெரிவித்தது.

"மன்னிப்பு மட்டும் நல்லா கேக்குது," என்றாள் அக்கா.

தொண்டை அறுவைக்கு முந்தைய மூன்று வாரங்களில் அவள் கணவர் அறுநூற்றுச் சொச்சம் வாக்கியங்களைத் தம் குரலிலேயே டேப்லெட்டில் பதிந்து வைத்திருந்தார். இன்று அவருக்கு எஞ்சிய பேச்சு அவ்வளவே. பதிவின் பெயரைத் தொட்டால் வாக்கியம் ஒலிக்கும். இப்போது பேட்டரி உப்பி, டேப்லெட்டின் பின்மூடி பிளந்துகொண்டிருந்தது. அது அடியோடு அணைவதற்குள் அனைத்தையும் கணினிக்குக் கொண்டுவர வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் வேலைபார்க்கும் தம்பி மென்பொருள் காட்டிய பிழைக்குறிப்பின் கடைசி வரிக்குப் போனான்.

"புடிச்சுட்டேன்க்கா! ஒவ்வொரு தடவையும் ஒரே ஃபைல்லதான் படுத்துக்குது. மாமா, இது பேரா, மனுவா?"

கணவர் நீதிமன்ற எழுத்தர். சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் தலைப்பாக்குவது முப்பதாண்டுப் பழக்கம். 'வக்கீல்களைப் பற்றி இந்த வீட்டில்' என்று தொடங்கிய அந்தப் பெயர் நான்கு வரிகளுக்கு ஓடியது.

"இவ்ளோ நீளத்தைக் கம்ப்யூட்டர் தாங்காது மாமா. அதான் வாய்தா வாங்கிட்டே இருக்கு."

எழுத்தர் டேப்லெட் திரையைத் தொட்டார். "உன் தம்பி வாய்க்குத் தனியா ஒரு கோர்ட்டு வேணும்டி," என்றது அவருடைய பழைய, சளிகட்டிய குரல். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

தம்பி அந்தப் பதிவின் பெயரை இரண்டு சொற்களாகச் சுருக்கினான். கடையில் அச்சு பாதியில் சிக்கினால், வரிசை முழுவதையும் காலிசெய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். அதே கைப்பழக்கத்தில், கணினிக்கு இதுவரை வந்திருந்த பதிவுகளை அழித்து, குப்பைத்தொட்டியையும் துடைத்தான்.

"ஏன்டா, ஒண்ணும் ஆயிடாதே?"

"நகலைத்தானே அழிச்சேன்? அசல் டேப்லெட்ல குத்துக்கல்லாட்டம் இருக்கு."

இம்முறை மென்பொருள் நிற்கவில்லை; ஒரு நிமிடத்திற்குள் 'ஒத்திசைவு முடிந்தது' என்றது. அந்த வேகந்தான் அவனை உறுத்தியது. பட்டியலைத் திறந்தான். பதினொன்று. டேப்லெட்டிலும் அதே பதினொன்று.

அந்த மென்பொருளுக்கு அசலும் தெரியாது, நகலும் தெரியாது. ஒருபுறம் அழிந்ததை மறுபுறமும் அழித்து இரண்டையும் சமமாக்குவதே அதன் வேலை. அகரவரிசையில் பதிவுகள் போயிருந்ததால், சிக்கிய பெயருக்கு முன்னால் இருந்தவை அத்தனையும் தொலைந்திருந்தன.

இரண்டு நாள் மீட்பு மென்பொருள்களோடு மல்லுக்கட்டினான். பெயர்கள் சில திரும்பின, தொட்டால் ஒலியில்லை.

"மாமா, தெரியாம பண்ணிட்டேன்," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எழுத்தர் அவன் தோளில் கைவைத்தார். அக்கா பட்டியலைப் படித்தாள்: வலிக்குது. விளக்கை அணை. வெந்நீர். வேண்டாம்.

"என்னைக் கூப்பிடறது எதுவும் இதுல இல்லையே," என்றாள். டேப்லெட்டை அவரிடம் நீட்டி, "நாளைக்குப் பெரிய கடையில காட்டிப் பாக்கலாங்களா?" என்றாள்.

'சரி' என்ற பதிவு இப்போது இல்லை. தலையை அசைத்திருக்கலாம், அவர் அசைக்கவில்லை. விரலைப் பட்டியலின் கடைசிக்குக் கொண்டுபோனார்.

"வேண்டாம்," என்றது அவர் குரல்.