இரண்டு சத்தம், மூன்று காலி

“கண்ண மூடினக்கா.”

“மூடலைடா.”

“மூடின. நான் பாத்துகினுதான இருக்கேன்? கண்ணக் கூட உடு. வெடிக்கறதுக்கு முன்னாடியே கை குனியுது. குண்டு பானைக்குப் போவாம பூமிக்குப் போவுது.”

“பூமியும் நமக்கு ஆவாததுதான்னு வெச்சுக்கோயேன்,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் கிருஷ்ணம்மாள். சிரிப்பு நிற்பதற்குள் முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்தாள். கை வேர்த்துக் கொட்டியது.

சந்தவாசலைத் தாண்டி மலையடியில் வேலை நின்றுபோன கல்குவாரி ஒன்று இருந்தது. அதற்குள்தான் அக்காவும் தம்பியும் நின்றிருந்தார்கள். தம்பி அருணகிரி பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த வருஷம்தான் திரும்பியிருந்தான். அக்கா கையில் இருந்தது, செத்துப்போன அவள் புருஷன் ராஜவேலுவின் ரிவால்வர்.

சாதாரண ரிவால்வர் இல்லை அது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து ராஜவேலு முறையாக லைசென்ஸ் மாற்றி வாங்கியது. பாயிண்ட் நாற்பத்தி நாலு. குழல் ஒரு முழத்தில் பாதி, கனம் தராசுப் படிக்கல் மாதிரி. தோட்டா ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன். சுட்டால் மலை இரண்டு தடவை திருப்பிச் சொல்லும். சுடுகிற ஆளுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதற்குள் யாரோ உள்ளங்கையில் சுத்தியலால் அடித்தது போல இருக்கும்.

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண்ணுக்கு இது எதற்கு?

அந்தத் தெரு வியாபாரிகள் நாலு பேர் மாதம் ஒருமுறை ஒரே அம்பாசடர் காரில் பெங்களூர் போய்ப் பட்டு நூல் வாங்கி வருவார்கள். பணமும் போகும், நூலும் வரும். ராஜவேலுவிடம் துப்பாக்கி இருந்ததால் முன் சீட்டு அவனுக்கு. காரில் போனவர்கள் நூலைத் தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து நல்லதாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவருக்கு மிச்சம். ராஜவேலு செத்த பிறகு கிருஷ்ணம்மாளுக்கு மிச்சம்தான் வந்தது. “இன்னாம்மா, பட்டா இது, கத்தாழை நாரா? தொட்டா அறுந்துகினு வருது” என்று அவளுடைய நெசவாளிகள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ரெண்டு பேர் வேறு முதலாளியிடம் போய்விட்டார்கள். இன்னும் நாலு மாதம் இப்படிப் போனால் தறி எல்லாம் நின்றுவிடும்.

லைசென்ஸ் அவள் பேருக்கு மாறி வந்துவிட்டது. “துப்பாக்கி என்னுது. முன் சீட்டும் என்னுது” என்றாள். வியாபாரிகளில் மூத்தவர் ஜெகநாதன் தாடையைத் தடவினார். “சுட்டுக் காட்டும்மா. அப்புறம் பாக்கலாம்.”

அதற்குத்தான் இந்தக் கல்குவாரி.

முதல் நாள் சினிமாக்காரன் போல ஒற்றைக் கையால் சுட்டாள். முழங்கை தொளதொளவென்று மடங்கியிருந்தது. துப்பாக்கி எகிறித் திரும்பி, குழல் நுனியில் இருந்த குறி அவள் நெற்றியில் கொத்தியது. முன்பு குங்குமம் வைத்துக்கொண்ட அதே இடம். ரத்தம் மூக்கு வரைக்கும் வழிந்தது.

அருணகிரி பதறி ஓடி வந்து துண்டை வைத்து அழுத்தினான். பார்த்தான், சிரிப்பை அடக்க முடியவில்லை. “மாமா மேல இருந்துகினே வெச்சு உட்டாருக்கா பொட்டு.”

“எடுபட்டவனே,” என்று அவளும் சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஊரில் கேட்டவர்களிடம் நிலைப்படி இடித்துவிட்டது என்றாள்.

அதற்குப் பிறகு அவன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். “பிடிய எவ்ளோ மேல புடிக்க முடியுமோ அவ்ளோ மேல புடி. கீழ புடிச்சா உன் கையில ஊஞ்சல் ஆடும். ரெண்டு கையும் போடு. முன்னாடி லேசா சாஞ்சு நில்லு. அது எகிறும், எகிறட்டும், உடு. அதுகூட மல்லுக்கட்டாத. எகிறி முடிச்சு அதுவா உன் கைக்கு வரும். ட்ரிக்கர வெடுக்குனு இழுக்காத. எப்ப வெடிக்கும்னு உனுக்கே தெரியக் கூடாது.”

அங்கேதான் சிக்கல். எப்போது வெடிக்கும் என்று அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியில் வாங்கிய அடியைக் கை மறக்கவில்லை. வெடிப்பதற்கு ஒரு கண் இமைப்பு முன்னால் அது தானாகவே கீழே அமுங்கியது. அவள் நம்பவில்லை. அருணகிரி ஒரு வேலை செய்தான். சுட்டு முடித்த காலித் தோட்டா ஒன்றை நல்ல தோட்டாக்களுக்கு நடுவே போட்டு, உருளையைச் சுற்றிவிட்டு, மூடிக் கொடுத்தான். எது எங்கே என்று அவளுக்குத் தெரியாது. வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. அதற்கடுத்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும். எகிறுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் குழல் பட்டென்று தலையைக் கவிழ்த்தது.

தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பட்டாளத்துல எல்லாருக்கும் இப்பிடித்தான் காட்டுவாங்கக்கா. பெரிய பெரிய ஆளு கையே குனியும்.”

“யார்கிட்டயும் சொல்லாதடா. கார்ல போற யாவாரி இருக்கானே, அந்த வேணுகோபாலுக்குத் தெரிஞ்சா தெருவெல்லாம் தமுக்கு அடிச்சிடுவான்.”

“நான் ஏங்க்கா சொல்றேன்? இது நம்ம ரெண்டு பேருக்குள்ள.”

வீட்டில் தறி ஓடுகிற நேரம் பார்த்து, காலித் துப்பாக்கியின் குழல் மேல் எட்டணாவை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பழகினாள். தறிச் சத்தத்தில் ‘டிக்’ யாருக்கும் கேட்காது. முதலில் காசு உருண்டு உருண்டு தறிக்குழிக்குள் விழுந்தது. போகப் போக நின்றது. குவாரியில் பானைகள் உடைய ஆரம்பித்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜெகநாதனும் வேணுகோபாலும் காரில் வந்து இறங்கினார்கள். பாறை மேல் பானைகளை வரிசையாக வைத்தார்கள்.

“அண்ணே, நாம கார் பின்னாடி நின்னுக்கலாமா?” என்றான் வேணுகோபால். “குண்டுக்கு நம்ம அட்ரஸ் தெரிஞ்சிடப் போவுது.”

அருணகிரி சற்றுத் திரும்பி நின்று தோட்டா போட்டு, மூடி, அக்காவிடம் நீட்டினான். “ஆறும் போட்டாச்சுக்கா. நிதானமா சுடு.”

அவள் முன்னால் சாய்ந்தாள். மேலே பிடித்தாள். வெடித்தது. முதல் பானை சில்லுச் சில்லாகப் போனது. துப்பாக்கி எகிறியது, விட்டாள், அது கைக்கு வந்தது. மறுபடி வெடித்தது. ரெண்டாவது பானைக்குக் கழுத்து இல்லை.

“அடேங்கப்பா!” என்று வேணுகோபால் கார் பின்னாலிருந்து வெளியே வந்தான். “இனிமே உன் எதிர்ல பேரமே பேச மாட்டேம்மா!”

மூன்றாவது முறை அழுத்தினாள்.

‘டிக்.’

குழல் சடாரென்று குனிந்து அவள் கால் கட்டை விரலைப் பார்த்தது.

“பானைய சுடச் சொன்னா பாதத்த சுடறியே” என்றான் வேணுகோபால். ஜெகநாதன் சிரிக்கவில்லை.

“தோட்டா பழசு, வெடிக்கலை,” என்றான் அருணகிரி. அவளிடம் சொல்லவில்லை, அவர்களிடம் சொன்னான். “ஆனா பாத்தீங்க இல்ல? வெடிச்சிருந்தா எகிறினதுல இது தெரிஞ்சிருக்காது. கை முன்னாடியே குனியுது. கார்க்குள்ள இப்பிடி ஆச்சுன்னா டிரைவர் தொடைலதான் போவும்.”

“நேத்து நீ சொல்லசொல்லோ நான் நம்பலை அருணகிரி,” என்றார் ஜெகநாதன்.

நேத்து.

கிருஷ்ணம்மாள் உருளையைத் திறந்து கம்பியை அழுத்தினாள். எல்லாம் உள்ளங்கையில் விழுந்தன. மூன்று கனமாக, மூக்கில் ஈயத்தோடு இருந்தன. மூன்று வெறும் கூடு. இரண்டு கூடு கையைச் சுட்டது. மூன்றாவது, காலையில் குளத்திலிருந்து எடுத்த கூழாங்கல் போலச் சில்லென்று இருந்தது.

அதையும் சூடான கூடு ஒன்றையும் எடுத்து ஜெகநாதன் கையில் வைத்தாள்.

“எத்தினி சத்தம்ணே கேட்டுது?”

“ரெண்டு.”

“காலி மூணு கீது. வெடிக்காத தோட்டான்னா மூக்குல குண்டு இருக்கணும் இல்ல? இதுல இல்ல. ஒண்ணு சுடுது, ஒண்ணு சில்லுனு கீது. தொட்டுப் பாருங்க.”

நூலைத் தொட்டுப் பார்க்கிற அதே விரல்களால் ஜெகநாதன் ரெண்டையும் உருட்டிப் பார்த்தார். பிறகு அருணகிரியைப் பார்த்தார்.

“ஆமா, நாந்தான் போட்டேன்,” என்றான் அவன். குரல் உயர்ந்தது. “உன் உசுருக்குத்தான் போட்டேன். கார்ல இத்தினி பேர் போறாங்க. உன்கிட்ட சொன்னா கேட்டிருப்பியா?”

“சொல்லிப் பாத்தியா?”

அவன் ஜெகநாதன் பக்கம் திரும்பினான்.

“சீட்டு வோணும்னா கேட்டிருக்கலாமேடா. அக்கா, நான் போறேன், நீ வூட்ல இருன்னு. நம்ம ரெண்டு பேருக்குள்ளன்னு சொன்னத எடுத்து, எனுக்கே வேட்டு வெச்சிட்டியே.”

வேணுகோபால் செருப்பால் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

கிருஷ்ணம்மாள் ஜெகநாதனிடமிருந்த கூடுகளை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றாள். மூன்று நல்லதும் மூன்று காலியுமாகக் கலந்து போட்டு, உருளையைச் சுற்றி, மூடி, தம்பியிடம் நீட்டினாள். “நீ சுடு.”

அவன் வாங்கினான். அசட்டையாக இல்லை, ஒழுங்காக நின்றான். வெடித்தது, பானை போனது. அடுத்து ‘டிக்’. குழல் அசையவில்லை. மறுபடி ‘டிக்’. மயிரிழை கூட அசையவில்லை. மறுபடி வெடித்தது, அடுத்த பானையும் போனது.

ஜெகநாதன் பெருமூச்சு விட்டார். “கல்லு மாதிரி நிக்குதேம்மா கை. அவன் பண்ணது தப்புதான், இல்லேங்கலை. ஆனா வேலைன்னு பாத்தா இவன்தான். துப்பாக்கி எடுத்துப் போற ஆளுன்னு இவன் பேர லைசென்ஸ்ல சேக்கறதுக்கு ஒரு கையெழுத்து போடு. உன் நூல இவன் பாத்து எடுத்தாந்துடுவான். உனுக்கும் பேஜார் இல்ல.”

“அவன் கை ஆடலைண்ணே, ஒத்துக்கறேன்,” என்றாள் அவள். “என் எதிர்ல நின்னு காலித் தோட்டாவ உள்ள போட்டான் பாருங்க, அப்பவும் இந்தக் கை ஆடலை. அதான் எனுக்கு பயமா கீது.”

கையெழுத்துப் போடவில்லை. மறுநாளே ரிவால்வரைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டாள். இத்தனை மாதம் பயந்து பயந்து போய் வந்தது போதும், இனிமேல் துப்பாக்கி இல்லாமல் கார் கிளம்பாது என்றார் ஜெகநாதன். “கிளம்ப வேணாம், நான் பஸ்ல போறேன்” என்றாள். கத்திரிக்காய்க் கூடைக்கு அடியில் பணத்தை வைத்துக்கொண்டு விடிகாலையில் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். வேலூர் போய் அங்கிருந்து பெங்களூர் வண்டி.

பஸ் நகரும்போது அருணகிரி ஓடி வந்து ஏறினான். சவரம் செய்திருக்கவில்லை. கையில் பை கூட இல்லை.

“தனியாப் போவாதக்கா. நான் சும்மா துணைக்கு வரேன். நூல நீயே பாரு. நான் ஒண்ணும் தொட மாட்டேன்.”

அவள் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. கூடையைத் தூக்கி அதில் வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலூர் வரைக்கும் அவன் நின்றுகொண்டே வந்தான். டிக்கெட் ரெண்டாக வாங்கி, ஒன்றைக் கூடை மேல் வைத்தான். அவள் எடுக்கவில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டபோது கூடை சரிந்தது. அவன் கை எட்டிப் பிடித்து நிறுத்தியது. அவளுக்கு மட்டும் பள்ளம் வருவதற்கு முன்னாலேயே கண் மூடிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் கதை கேட்கிறவர்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்து என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம், சொல்லுங்கள்: அந்தக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் தம்பிக்கு இடம் விட்டிருக்க வேண்டுமா, வேண்டாமா?