அடைத்த பள்ளம்

அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு தார்ச்சாலை. புயல் மழையில் ஓடை பெருகி, சிறுபாலத்தைக் குழாயோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. சாலை இருந்த இடத்தில் ஆளை விழுங்கும் பள்ளம். யாராவது வருவார்கள் என்று வாய் பார்த்துக்கொண்டிருக்காமல் ஊர்க்காரர்களே இறங்கினார்கள். இடிந்த சுவர்களின் செங்கல், விழுந்த மரங்களின் அடித்துண்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு அடைத்தார்கள். தண்ணீர் போவதற்கு நடுவில் அடி வெட்டிய தகரப் பீப்பாய்களைப் புதைத்து, மேலே மண்ணைக் கொட்டி மிதித்து, ஆட்டோ போகிற அளவுக்கு வழி பண்ணிவிட்டார்கள்.

அத்தனை அவசரமும் அத்தானுக்காக. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதர். வாரம் இருமுறை நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் உயிர் ஓடும். அத்தான் என்று அவரைக் கூப்பிடுவது அவர் மனைவியின் தம்பி, சாலைத் துறையில் இளநிலைப் பொறியாளர். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. சேதக் கணக்கெடுக்க அந்தப் பக்கம் தம்பியையே அனுப்பியிருந்தார்கள்.

வந்தவர் அடைப்பின் மேல் நடந்து பார்த்தார். குதிகாலால் அழுத்திப் பார்த்தார். முகம் சுண்டியது.

"அத்தான், இது அடுத்த மழைக்கே கரைஞ்சிடும். நல்ல பாலம் வேணும்னா இதைச் சேதம்னு எழுதணும். நாளைக்குப் பெரிய பொறியாளர் வராரு. அவர் கண்ணுக்குப் பள்ளம் தெரியலைன்னா, சீராயிடுச்சுன்னு கணக்குலேருந்து அடிச்சுட்டுப் போயிட்டே இருப்பாரு."

"போட்டோ இருக்கேடா," என்றாள் அக்கா.

"செல்லாதுக்கா. நேர்ல பாக்கணும்னு விதி."

"ஓஹோ. அப்ப நாங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா பாலம் வந்திருக்கும்?"

"காலைல தோண்டிடுவோம். அவர் பாத்துட்டுப் போன கையோட மூடிடுவோம். தெரிஞ்சவர்கிட்ட பொக்லைன் கேட்டிருக்கேன். அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறது நாளைக் கழிச்சுத்தானே?"

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. அத்தான்தான் சிரித்தார். "வீட்டுலயே ஒரு இன்ஜினியரை வெச்சுக்கிட்டு நடுங்கறா பாரு. நீ தோண்டு மாப்ளே."

மறுநாள் பொக்லைன் வந்தது. ஊரே கூடிச் சுமந்து போட்டதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வாரி எறிந்துவிட்டது. பிறகு தோப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

பெரிய பொறியாளர் ஜீப்பை விட்டு இறங்கினார். பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மண்சுவரைக் கையால் தடவினார். வரிசையாக, சீப்பால் வாரியது போல் கோடுகள்.

"புயலுக்குப் பல் முளைச்சிருக்கா? யாருய்யா தோண்டினது?"

தம்பியின் பதவி உயர்வு இந்த மனிதரின் ஒரு கையெழுத்துக்குத்தான் காத்திருந்தது. தம்பி குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

எதிர்க்கரையில் நாற்காலியில் இருந்த அத்தான் குரல் கொடுத்தார். "நாங்கதான் சார்! அடைச்சதும் நாங்க, தோண்டினதும் நாங்க. உங்க ஆளுக்கு ஒண்ணும் தெரியாது."

அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது வாயைத் திறப்பான் என்று பார்த்தாள். அவர் ஷூவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அரசாங்கத்தை ஏமாத்தறீங்களா? விசாரணை முடியற வரைக்கும் இங்க ஒரு கூடை மண் விழக்கூடாது." பெரியவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீதான் பொறுப்பு. புரியுதா?"

"சரிங்க சார்."

மாலையில் கூடையும் மண்வெட்டியுமாக வந்தவர்களைத் தம்பிதான் மறித்தார். "கேஸ் போட்டுடுவாங்கப்பா. கொஞ்சம் பொறுங்க, நான் பேசிப் பாக்கறேன்." பொக்லைன்காரர் எப்போதோ நழுவியிருந்தார். தம்பி யாரிடமும் பேசவில்லை. இரண்டு முறை போனை எடுத்தார், இரண்டு முறையும் பையிலேயே போட்டுக்கொண்டார்.

விடிந்தது. ஆஸ்பத்திரி நாள். அத்தானின் காலும் முகமும் வீங்கியிருந்தன. ஆட்டோ அக்கரையில் நின்றது. நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் சேற்றில் இறங்கினார்கள்.

"நாலு பேர் தூக்கறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்குன்னு நெனச்சேன்," என்றார் அத்தான், மூச்சு வாங்க. "பரவாயில்ல, ஒத்திகை பாத்துக்குங்க."

நடுப்பள்ளத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, அத்தான் இடுப்புவரை நனைந்தார். அக்கரையில் நின்ற தம்பி பதறி இறங்கி நாற்காலியின் கையைப் பிடித்தார்.

அக்கா அவர் கையை எடுத்துவிட்டாள். பிறந்த நாளிலிருந்து அவரை 'டா' என்று மட்டுமே கூப்பிட்டவள்.

"நீங்க விடுங்க சார். ஷூ நனைஞ்சிடும்."

நாற்காலி மேட்டில் ஏறியது. துண்டால் கணவரின் காலைத் துடைத்து, ஆட்டோவில் ஏற்றி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டோ கிளம்பிப் போனது. தம்பி முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். ஆட்கள் காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அவரைச் சுற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பினார்கள்.