எஃப் 14ஆம் இருக்கையின் கருத்து

1

இந்தக் கதை பிறந்த இடம் ஒரு கருத்து அட்டை. உள்ளங்கை அகலம், வெளிறிய மஞ்சள் நிறம், மேலே இருக்கை எண், கீழே நான்கு கேள்விகள். தரிசனம், அகத்தூண்டல் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அந்தச் சரக்கு வேறு எழுத்தாளர்களிடம் கிடைக்கும், என்னிடம் கைவசம் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தன் நாவல் திரைப்படமாக விரிவதைக் காண நாவலாசிரியை—"

மழையும் இல்லை, மாலையும் இல்லை. அவளுடைய நாவல்களில்தான் எதற்கெடுத்தாலும் மழை கொட்டும். அடித்துவிட்டேன். அடுத்து:

"ஒவ்வொரு குடும்பமும் ஒரு ரகசியத்தின் மேல்—"

எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது. சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை, பகல் பதினொரு மணி. படம் வெளியாக மூன்று வாரம் இருந்தது. நூற்று அறுபது பேரைக் கூப்பிட்டு இலவசமாகப் படம் காட்டினார்கள். வெளியே வரும்போது ஆளுக்கொரு அட்டையும் பென்சிலும் நீட்டி, கருத்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் நாவலாசிரியை இருந்தாள். அவளுடைய அக்காவும் இருந்தாள். இவ்வளவும் உண்மை. அதனால்தான் நடை கொஞ்சம் சுமாராக இருக்கிறது.

2

நாவலாசிரியைக்கு வயது நாற்பத்தைந்து. அவளை எனக்கு நெருக்கமாகத் தெரியும். எவ்வளவு நெருக்கம் என்றால், இருவருக்கும் ஒரே பல்துலக்கி.*

(* இதைப் படித்ததும் கெட்டிக்கார வாசகர்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். வரட்டும். அதை நாலு பேர் முன்னால் போட்டு உடைக்காமல் இருந்தால் போதும். கதை இன்னும் 'அவள்' என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.)

அவள் எழுதிய நாவல் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பள்ளியிலேயே நன்றாகப் பேசக்கூடிய பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, ஒரு பையனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அது புவியியல் புத்தகத்துக்குள் இருந்து அப்பா கையில் சிக்குகிறது. பிறகு நாற்பது பக்கத்துக்கு அந்தப் பெண் ஜன்னல் ஓரம் நிற்கிறாள். (மழை.) பதினோரு வயதில் ஒரு தங்கையும் உண்டு. தனக்குக் காய்ச்சல் கொதிக்கும்போதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயதுக்காரர்களுக்கே வாயில் வராத ஆறுதல்களைச் சொல்வாள். "அந்தத் தங்கையைப் போல ஒருத்தி எனக்கில்லையே" என்று வாசகிகள் கடிதம் எழுதினார்கள். நாவலாசிரியை அவற்றை வெட்கமில்லாமல் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறாள்.

பிறகு தொப்பி போட்ட இளம் இயக்குநர் ஒருவர் வந்தார்.

"மேடம், நாவலைப் படிச்சு அழுதுட்டேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இதைக் காமெடியா எடுக்கணும்னு."

"அப்படியா," என்றாள் நாவலாசிரியை.

"அந்தத் தங்கச்சி கேரக்டர்தான் இடிக்குது. ரொம்ப நல்லவளா இருக்கா. நல்லவளைப் பார்த்து எவனும் சிரிக்க மாட்டான்."

"அவளுக்குக் காய்ச்சல்."

"காய்ச்சலைத் தூக்கிடலாம். இங்க பாருங்க. அக்காகிட்ட ஒரு லெட்டர் இருக்கு. மேடையில பேச எழுதி வச்ச தாளும் இருக்கு. ரெண்டையும் ஏன் மேடம் தனித்தனியா வச்சிருக்கீங்க? தங்கச்சி என்ன பண்றா, லெட்டரை எடுத்துப் பேச்சுக்கு நடுவுல சொருகிடறா. அக்கா மைக்ல அதை அப்படியே படிச்சுடறா. தியேட்டரே கிழிஞ்சிரும்."

நாவலாசிரியை காபியில் கட்டிய ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினாள். பிறகு, "நம்புற மாதிரி இல்லையே," என்றாள்.

"காமெடிக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்?"

கையெழுத்துப் போட்டாள். சுவரொட்டியில் பெயர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது. பூதக்கண்ணாடியோடு போனால் படிக்கலாம்.

3

மக்களின் கருத்தைப் பார்த்து எழுத்தாளர் மகிழட்டும் என்று, படக்கம்பெனியில் அட்டைகளைக் கவனிக்கும் பெண் மொத்தக் கட்டையும் இரண்டு நாளுக்கு நாவலாசிரியையிடம் கொடுத்தனுப்பினாள். மகிழ்ச்சியின் சில துளிகள்:

"படம் சூப்பர். புத்தகம் படிக்கவில்லை. படிப்பதாகவும் இல்லை."

"புத்தகத்தில் அழுதேன், படத்தில் சிரித்தேன். இரண்டில் எது சரி என்று எழுதியவர் தெளிவுபடுத்த வேண்டும்."

"ஏசி அதிகம்."

"மைக் காட்சியில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து என் தோளில் அடித்தார். அவர் யாரென்று தெரியாது. தோள் வலிக்கிறது. ஐந்துக்கு ஐந்து."

"என் மகள் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்க பயமாக இருக்கிறது."

மூன்றாவது கேள்வி, 'நம்ப முடியாத காட்சி எது?' தொண்ணூற்றொரு பேர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்: மைக் காட்சி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இடம் போதாமல் அட்டையின் பின்பக்கத்துக்கும் போயிருந்தார்: "முப்பத்தாறு ஆண்டுப் பணியில் இப்படியொன்றைக் கண்டதில்லை. எழுதியவருக்குப் பள்ளிக்கூட அனுபவம் போதாது." நாவலுக்கு மரியாதையாக ஒரே ஒரு நிமிடம் விட்டு வைத்திருந்த ஜன்னலோர மழையை மட்டும் பலரும் பாராட்டியிருந்தார்கள். "அச்சு அசல் வாழ்க்கை" என்று எழுதியிருந்தார்கள்.

ஜன்னலோர மழை, நாவலாசிரியை இட்டுக்கட்டியது. மைக் காட்சி நடந்தது.

4

நடந்தது என்றால் நிஜமாகவே நடந்தது. வெள்ளிக்கிழமைக் காலைக் கூட்டம், எண்ணூறு மாணவர்கள், வெயில். அக்காவின் தலைப்பு, நேரம் தவறாமை. இரண்டு பக்கம் அருவி மாதிரி கொட்டினாள். மூன்றாவது தாளைத் திருப்பினாள். அதே கணீர்க் குரலில், கையைக்கூட உயர்த்தியபடி, "உன் சைக்கிள் மணி கேட்டாலே எனக்குக் கணக்கெல்லாம் தப்பாக வருகிறது" என்று படித்தாள். பேசும் வேகத்தில் அடுத்த வரியையும் படித்துவிட்டாள். அந்த வரியை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளிடமிருந்து எடுத்தது போதும்.

எண்ணூறு பேரும் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் நின்ற நானும் சிரித்தேன். (பிழை. 'அவளும் சிரித்தாள்' என்று திருத்திப் படிக்கவும்.)

தங்கை ஏன் இதைச் செய்தாள்? இங்கே காரணம் வைக்காவிட்டால் விமர்சகர்கள் பாத்திரவார்ப்பு சரியில்லை என்பார்கள். முயன்று பார்த்தேன்:

"அக்கா தன் மைப்பேனாவைத் தர மறுத்த கோபத்தில்—"

"வீட்டில் எல்லோரும் அக்காவையே கொண்டாட, பொறாமையில் வெந்து—"

இரண்டும் நாவலுக்குப் பொருந்தும். உண்மைக்குப் பொருந்தவில்லை. அக்காவின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. என்ன ஆகிறதென்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். ஒரு தாளை இடம் மாற்றி வைத்துவிட்டு, தள்ளி நின்று வேடிக்கை பார்த்தாள். அதுவே அவளுடைய முதல் படைப்பு. வரவேற்பு அமோகம். அதற்குப் பிறகு அவள் எழுதிய எதற்கும் அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை.

அன்று சாயங்காலம் அக்கா போர்வைக்குள் சுருண்டு படுத்து, "எப்படி அதுல போய் வச்சேன்? என் புத்தி எங்க போச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுக்கா. நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது," என்றாள்.

வாசகிகள் உருகிய காட்சி இதுதான். காய்ச்சலைப் பிற்பாடு சேர்த்தாள்.

5

அக்கா இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூத்த பரிசோதகர். கவனத்துக்குப் பேர் போனவள். ஒவ்வொரு குழாயிலும் ஒட்டிய பெயரை மூன்று முறை பார்ப்பாள். குழாயில் ரத்தம் ஒரு துளி குறைந்தாலும் சோதிக்க மாட்டாள். டாக்டர் போனில் கத்துவார், "ஒரு உத்தேசமா சொல்லுங்களேன்" என்பார். அக்கா உத்தேசமாக எதையும் சொல்வதில்லை. 'மாதிரி போதவில்லை' என்ற சீட்டோடு குழாய் வந்த வழியே திரும்பிப் போகும்.

வீட்டிலும் மூன்று முறைதான். கேஸ் மூடினாளா, கதவு பூட்டினாளா, கண்ணாடிக் கூட்டுக்குள் கண்ணாடி இருக்கிறதா. "அக்காவைப் பார்த்துக் கத்துக்கோ" என்று நாவலாசிரியையிடம் உறவுக்காரர்கள் சொல்வதுண்டு. அந்தக் கவனம் எந்த வெள்ளிக்கிழமை தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் முடித்ததற்கு விருது கொடுத்து, பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அக்கா அதைச் சூடான பாத்திரம் மாதிரி விரல் நுனியில் வாங்கி, பக்கத்தில் நின்றவரிடம் தள்ளிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நாவலாசிரியை மட்டும் இந்த முறை சிரிக்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக வீட்டுக்குப் போய், அக்கா ஜன்னல் ஓரம் நின்று அழும் இருபத்தோராம் அத்தியாயத்தை எழுதினாள். நன்றாக வந்தது.

6

சனிக்கிழமைக்கு வருவோம். நாவலாசிரியை ஹெச் வரிசையில் உட்கார்ந்தாள். அக்காவின் இருக்கை இரண்டு வரிசை முன்னால், எஃப் 14. அக்காவின் முகம் தெரியாத இடமாகப் பார்த்து நாவலாசிரியையே கேட்டு வாங்கியது.

மைக் காட்சி வந்தது. திரையில் குட்டித் தங்கை, கண்ணை உருட்டிக்கொண்டு கடிதத்தைத் தாள்களுக்கு நடுவே சொருகினாள். அரங்கம் அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டது. அக்காவின் தலை அசையவில்லை. மைக்கில் கடிதம் வந்ததும் கூரை பிய்த்துக்கொண்டு போனது. அக்காவின் தோள்கள் குலுங்கின. பின்னாலிருந்து பார்க்கும்போது சிரிப்புக்கும் அழுகைக்கும் தோள் ஒரே மாதிரிதான் குலுங்குகிறது. இதை இருபத்தோராம் அத்தியாயம் எழுதியபோது அவள் கவனிக்கவில்லை.

முன்கூடத்தில் அக்கா அட்டையை எழுதி முடித்து, மூன்று முறை படித்துவிட்டு, பெட்டிக்குள் போட்டாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. அந்தக் குட்டிப் பொண்ணு நல்லா பண்ணியிருக்கா."

"அது டைரக்டரா சேர்த்தது."

"உன் நாவல்ல அவளுக்குக் காய்ச்சல்தானே?"

"ஆமா."

"ரொம்பப் பாவமா இருந்தா." அக்கா கைப்பையைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "உனக்கு அப்ப காய்ச்சலே வரலையேடி. அந்த வருஷம் முழுக்க லீவு எடுக்காம போனேன்னு உனக்கு ஒரு டம்ளர் கூடப் பரிசு கொடுத்தாங்க."

"அது கதைக்காக, அக்கா."

"சரி, நான் கிளம்பறேன். மத்தியான ஷிஃப்ட்."

7

அட்டைக் கட்டில் எஃப் 14 கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. அக்காவின் கையெழுத்து, ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எழுதுகிற அதே கட்டை எழுத்து.

படம் எப்படி? 'இயல்பு.'

மிகவும் சிரித்த காட்சி? ஒரு கோடு.

நம்ப முடியாத காட்சி? 'இல்லை.' நூற்று அறுபது பேரில் அப்படி எழுதியது அவள் ஒருத்திதான்.

நான்காவது, ஏதேனும் ஒரு பாத்திரம் பற்றிச் சொல்ல விரும்புகிறீர்களா? அங்கே இரண்டு வரி:

'தங்கை: மாதிரி போதவில்லை. மீண்டும் தரவும்.'

8

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: நாவலாசிரியை ஆய்வுக்கூடத்துக்கு ஓடுகிறாள், அக்கா கையுறையைக் கழற்றி வீசிவிட்டுக் கட்டிக்கொள்கிறாள், மழை. இதைத் தொப்பிக்கார இயக்குநருக்கே கொடுத்துவிடலாம்.

முடிவு இரண்டு: அக்கா கண்டுபிடிக்கவே இல்லை, அட்டையில் இருப்பது ஒரு நடிகையைப் பற்றிய சாதாரணக் கருத்து, எல்லாம் நாவலாசிரியையின் மனப்பிராந்தி. இலக்கியப் பத்திரிகைகளுக்கு இது பிடிக்கும். ஆனால் என் அக்கா உத்தேசமாக எதையும் எழுதுகிறவள் இல்லை.

முடிவு மூன்று: "பல ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும்—"

வேண்டாம். முப்பத்து நான்கு ஆண்டு போதும்.

கெட்டிக்கார வாசகர்கள் இப்போது எழுந்து போகலாம். மீதி உங்களுக்கு எழுதியதல்ல. இந்தக் கதை அச்சாவதற்கு முன்னால் ஒரே ஒரு பிரதி எடுத்து, உறையில் போட்டு, பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பு மேசையில் கொடுக்கப்போகிறேன். அது அச்சாக வேண்டுமா, குப்பைக்குப் போக வேண்டுமா என்பதையும் அங்கிருந்தே தெரிந்துகொள்கிறேன்.

அக்கா, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் கொடுத்தும் அதில் நான் ஒரு துளிகூட இல்லை. இதோ, மீண்டும் தருகிறேன். கடிதத்தை நான்தான் வைத்தேன். உன் மேசையில், நீ முகம் கழுவப் போயிருந்தபோது, இரண்டாம் தாளுக்கும் மூன்றாம் தாளுக்கும் நடுவில். யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை.

கீழே இடம் விட்டிருக்கிறேன். போதுமா, போதாதா, நீயே எழுது. என்ன எழுதினாலும் அதுதான் கதையின் முடிவு, ஒரு எழுத்தையும் இடம் மாற்ற மாட்டேன்.

எழுதியதை மூன்று முறை சரிபார்க்க வேண்டாம், அக்கா. அன்றைக்கும் நீ எல்லாத் தாளையும் சரியாகத்தான் அடுக்கி வைத்திருந்தாய்.