கதவில்லாத அறைக்கு மெசூசா

வில்லா கிரெஸ்போ யூத இளைஞர் சங்கத்தில் ஒரு கதவைக் கழற்றலாமா வேண்டாமா என்று மூன்று கூட்டம் போட்டாயிற்று. மூன்றிலும் தட்டிலிருந்த மெடியாலுனா ரொட்டிதான் தீர்ந்தது, பேச்சு தீரவில்லை.

சில்வினா கிரின்ஸ்புன் குழந்தைகள் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்று நான்கு மாதம் ஆகிறது. அவள் எழுதிய முதல் விதி, பெரியவர் யாரும் ஒரு குழந்தையோடு மூடிய அறைக்குள் தனியாக இருக்கக் கூடாது என்பது. கமிட்டி மொத்தமும் சந்தோஷமாகக் கைதூக்கியது. விதி வேறு யாருக்கோ என்று ஒவ்வொருவரும் நினைத்ததால் வந்த சந்தோஷம் அது. பிறகுதான் நத்தாலியோ வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். பதின்மூன்று வயதில் சபை முன்னால் வேதம் பாட வேண்டிய பிள்ளைகளை ஒவ்வொருவராக மாடி அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். முப்பத்தொரு வருடமாக.

மூன்றாவது கூட்டம் முழுக்க மெசூசாவில் போனது. நிலைக்காலில் வேத வாசகச் சுருளோடு சிறு பேழை இருக்கிறதே, கதவு போனால் அது இருக்கலாமா, எடுக்க வேண்டுமா? ஆளுக்கொரு பழைய நூலைச் சொல்லி அடித்துக்கொண்டார்கள். கடைசியில் மதகுருவான ரப்பிக்கு போன் போட்டார்கள்.

"இருக்கட்டும். அதுபாட்டுக்கு இருக்கு. கதவை மொதல்ல கழட்டுங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

நான்காவது கூட்டம் புதன்கிழமை சாயங்காலம்.

"ஏம்மா சில்வினா, நத்தாலியோவைப் போயா?" என்றார் தலைவர் பெஞ்சமின் சால்ட்ஸ்மன். "என் தொண்டையையே சரிபண்ணினவர்மா அவர்."

"அது இன்னும் சரியாகலை, பெஞ்சமின்" என்றார் வாத்தியார். "இங்க பாரும்மா, கீழ பந்தடிக்கிற சத்தத்துல கதவைத் திறந்து வெச்சா, பையன் பாடுறது மோசேக்கே புரியாது."

"சுலபம்" என்றார் தலைவர். "விதி அப்படியே இருக்கட்டும். கடைசியில 'நத்தாலியோ நீங்கலாக'ன்னு சேர்த்துடுவோம்."

"சேர்த்தா நான் கிளம்பிடறேன் தலைவரே" என்றாள் சில்வினா.

"இதுக்கு ஏன் கோவம்?"

"நல்லவருக்கு விலக்குன்னா விதியே வேண்டாம். கெட்டவன் என்ன நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்? அவனும் இந்த மாதிரி நாலு பேர் புகழத்தான் வருவான்."

அந்த நேரம் பார்த்து வாசலில் உரியேல் தலை நீட்டினான். பன்னிரண்டு வயது. பாடவகுப்புக்கு நேரமாகிவிட்டதே என்று வாத்தியாரைத் தேடி வந்தவன். தலைவருக்கு சாட்சி கிடைத்துவிட்டது.

"டேய், வாடா இங்க. வாத்தியார் ரூம்ல என்ன நடக்குதுன்னு இந்த அக்காவுக்குச் சொல்லு."

உரியேல் வாத்தியாரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"சொல்லக் கூடாது."

"என்னது?"

"ரகசியம்னு வாத்தியார் சொல்லியிருக்கார். அங்க படிச்ச எல்லாருக்கும் தெரியும். நாங்க யாரும் சொல்ல மாட்டோம்."

தலைவர் வாய்க்குள் போன ரொட்டி பாதி வழியில் நின்றது. மாத்தே பானம் உறிஞ்சுகிற சத்தம்கூட நின்றுபோனது. வாத்தியார் முகம் பீட்ரூட் சூப் போலச் சிவந்தது.

சில்வினா நாற்காலியை விட்டு இறங்கி அவன் உயரத்துக்குக் குந்தினாள். "நீ எந்தத் தப்பும் பண்ணலை உரியேல். வா, நாம வெளிய நின்னு பேசலாம். சொல்லணும்னு கட்டாயமும் இல்லை."

உரியேலுக்கு அழுகை முட்டியது. "தூங்கிடுவார்க்கா" என்று உடைத்துவிட்டான். "ரெண்டாவது வரியிலயே தூங்கிடுவார். குறட்டை ஜாஸ்தியானா நாங்க சத்தமா பாடணும். கதவு அதுக்குத்தான்."

சிரிப்பு கட்டடத்தையே ஆட்டியது. தலைவர் ரொட்டியை விழுங்கி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவுதானா! எழுதிக்கோங்கப்பா, நத்தாலியோ நீங்கலாக..."

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சில்வினா. இன்னொருவர் வாத்தியார்.

"பதினோரு வருஷமா தூங்கறேன்" என்றார் அவர் மெல்ல. "அம்பது பிள்ளைங்க இருக்கும். ஒருத்தரும் அம்மாகிட்டகூட வாயைத் திறக்கலை. நான் சொல்லாதேன்னு சொன்னேன், அவ்வளவுதான். நான் வேற என்ன பண்ணியிருந்தாலும் இப்படித்தானே ரகசியத்தைக் காப்பாத்தியிருப்பாங்க, பெஞ்சமின்?"

வாத்தியார் எழுந்து கமிட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஸ்குரூடிரைவர் யார்கிட்ட இருக்கு?"

முதல் கூட்டத்திலிருந்தே அது சில்வினாவின் கைப்பைக்குள் இருந்தது.

கழற்றிய கதவு மாடிக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் மேல் படுத்து, ரொட்டித் தட்டு வைக்கும் மேசை ஆனது. அடுத்த புதன் வாத்தியாரே பிள்ளைகளை அதைச் சுற்றி உட்காரவைத்து, "பெரியவங்க ரகசியமா வெச்சுக்கோன்னு சொன்னா, நானே சொன்னாலும், நேரா சில்வினாக்காகிட்ட போய்ச் சொல்லணும்" என்றார். அவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் சில்வினாவுக்குத் தலைவர் தெருமுனைக் கடையில் வேதம் விலக்கிய பன்றி இறைச்சி போட்ட பீட்சா சாப்பிடுவதும், நாடகத்துக்குப் பொறுப்பான டீச்சர் உண்ணாநோன்பு நாளில் சாக்லேட் தின்றதும், ரப்பியின் தலைமுடி சொந்த முடி இல்லை என்பதும் தெரிந்துவிட்டன. சந்தில் அவளைக் கண்டால் பெரியவர்கள் எதிர்ப்பக்கம் நடந்தார்கள்.

மற்றப் பிள்ளைகள் சொல்லி முடித்து நகர்ந்த பிறகு ரோமினா மட்டும் நின்றாள். பத்து வயது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"என்னோடது சிரிக்கிற மாதிரி இல்லைக்கா. நீச்சல் சொல்லித்தர்ற சார்... யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம் பண்ண மாட்டேன் ரோமினா. உனக்கு உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். ஆனா வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன்னைத் தனியா விடவும் மாட்டேன்."

ரோமினா யோசித்தாள். தலையாட்டினாள்.

இருவரும் கதவில்லாத அந்த அறைக்குப் போனார்கள். மெசூசா இருந்த நிலைவாசல் வழியாகக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அவர்கள் தெரிந்தார்கள். கீழே பந்து சுவரில் மோதிக்கொண்டிருந்தது. கதவு மேசை ஓரமாக உரியேல் உரக்கப் பாட, வாத்தியார் எல்லோர் கண்முன்னாலும் குறட்டை விட்டார். அந்தச் சத்தத்தில் ரோமினா சொன்னது சில்வினாவுக்கு மட்டும்தான் கேட்டது.